ஹாஜி எங்கே படுக்கிறார்?

“வெத்தலைத் தட்டை வாசல்லயே தள்ளிவிடப் போறியா, இல்ல உள்ள வரவிட்டு மூஞ்சியில வீசப் போறியா? எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடுக்கா. நான் எங்க உக்காரணும்னு முடிவு பண்ணணும்.”

குலத் தலைவர் என்று டத்துக் பட்டம் வாங்கிய அனஸ் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. காலையிலேயே அக்காவின் சோற்றுக்கடைக்கு வந்து, முட்டைத் தேநீர் ஒன்று வாங்கி, அதைக் குடிக்காமல் ஆறவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அஸ்னிமார் தேங்காய்ப்பால் திரிந்துவிடாமல் கிளறிக்கொண்டே சொன்னாள்.

“வாங்கிக்கோ.”

“என்னத்தை?”

“தட்டைத்தான். மரியாதையா வாங்கிக்கோ.”

அனஸுக்குப் பகீரென்றது. அக்கா கத்தினால் சமாளிக்கலாம், கரண்டியை எறிந்தால் குனிந்துகொள்ளலாம். இப்படி அமைதியாகப் பேசினால்தான் அவருக்குப் பயம். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

போன வாரம் அஸ்னிமாரை எங்கே விட்டோம் என்பது நினைவிருக்கும். இடிந்து கிடந்த துணிக்கடைக் கட்டடத்தில் கூலிக்காரர்கள் கான்கிரீட்டை உடைத்துப் பழைய இரும்புக்காரனுக்குக் கம்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை அது. மூன்று மாடிக் கட்டடத்தை அந்தக் கம்பியை நம்பித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அதன் உச்சி மாடியில்தான் அவள் மகள் வெல்னி தையல் படித்துக்கொண்டிருந்தாள். பாடாங் நகரம் குலுங்கிய அந்த மாலையில் மூன்று மாடியும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துவிட்டது.

கட்டியவர் ஹாஜி சம்சுயிர். ஊரார் விதி என்றார்கள். ஹாஜியும் வெல்னியை அடக்கம் செய்த ஜனாஸாவுக்கு வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, முதல் வரிசையில் நின்று தொழுது, விதி என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது அவருக்குத்தான் ஊரில் அதிகமான கட்டட வேலை. இடிய வைத்தவனுக்கே திரும்பக் கட்டும் யோகமும் அடித்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது!

அந்த ஹாஜியின் மகள் ஃபிர்தாவுக்குத்தான் இன்று மாலை அஸ்னிமாரின் மகன் ரோமியை மாப்பிள்ளை கேட்டு வருகிறார்கள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் கேட்டு வர வேண்டும், மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். ஊரே பந்தாட்ட மைதானத்தில் கூடாரம் போட்டுக் கிடந்த நாட்களில், தண்ணீர் வண்டி வரிசையில் பிடித்துக்கொண்ட சிநேகம். பையன் மனதை மாற்ற அஸ்னிமார் செய்யாதது இல்லை. அவன் மாறவில்லை.

“அக்கா, நெசமாவே சொல்றியா?” என்றார் அனஸ். “நான் தாய்மாமன். நான் வெத்தலையை எடுத்து வாயில போட்டுட்டா அப்புறம் பேச்சு மாற முடியாது. அவன் துணிமணியைக் கட்டிக்கிட்டு அந்த வீட்டுக்குப் போயிடுவான். சம்சுயிரோட மருமவனா, அவன் வீட்டுல, அவன் கூரைக்குக் கீழ படுத்து எந்திரிப்பான். உனக்குச் சம்மதமா?”

“அவன் வீடு இல்ல. அவன் பொண்டாட்டி ரோஸ்தாவோட வீடு. அவ அம்மா வழி நிலம்.”

“சரி, ரோஸ்தாவோட வீடு. கட்டினவன் யாரு?”

அஸ்னிமார் அடுப்பைத் தணித்தாள். “தேநீரைக் குடி தம்பி. ஆறிப்போச்சுன்னா முட்டை நாறும்.”

லொந்தோங் சோற்றுக்கட்டிகளை அடுக்கி, குழம்பைத் தூக்குகளில் ஊற்றி மூடினாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பியவள் வாசலில் நின்று திரும்பினாள்.

“இந்தக் கல்யாணத்தை நான் முறிக்க மாட்டேன், அனஸ். அதுக்காக நீ பயப்படாதே. அந்த ஆளு வாயாலேயே முறியும்.”

அவள் போன பிறகும் டத்துக் அனஸ் அந்தத் தேநீரைக் குடிக்கவில்லை.

ஹாஜி சம்சுயிரின் வேலையாட்களுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்கும் பொறுப்பை அஸ்னிமார் ஏற்றபோது தெருவே அவளைத் திட்டியது. மகளைத் தின்றவனுக்கே சமைத்துப் போடுகிறாளே என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். பகையாளியைக் கண்ணெதிரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, அவ்வளவுதான். என்ன கிடைக்கும் என்று அப்போது அவளுக்கும் தெரியாது.

நோன்பு மாதத்தில் கிடைத்தது.

ஹாஜியின் வீட்டு முற்றத்தில் சிமெண்ட் கொட்டகை. கொட்டகைக்குப் பக்கத்தில் அவருடைய பழைய கிஜாங் வேன். ஒருநாள் விடியலில் அவள் கூடையுடன் நுழைந்தபோது வேனின் பின்கதவு திறந்து, கைலியும் கலைந்த தலையுமாக ஹாஜி இறங்கினார். கன்னத்தில் தலையணை மடிப்பு. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். பெருநாள் வந்து போயிற்று, மழை பிடித்துக்கொண்டது, ஹாஜி வேனை விட்டு நகரவில்லை.

இன்று காலையும் வேன் கதவு திறந்தது.

“யாரு, அஸ்னிமாரா?” என்று ஹாஜி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். “சாயங்காலம் சம்பந்தியாகப் போறோம். இன்னும் கூடை தூக்கிட்டு வர்றியே.”

“சம்பந்தியானா உங்க ஆளுங்களுக்குப் பசிக்காதா ஹாஜி?”

“ஹாஹா! வாய் இருக்கு உனக்கு. பாரு, மாப்பிள்ளைக்கு மாடி ரூம் தயார். புது டைல்ஸ், புதுக் கட்டில், அடுத்த வாரம் ஏசி. உங்க பிளைவுட் வீட்டுல வெந்துட்டு இருக்கிறவன், இங்க வந்து நிம்மதியாத் தூங்கட்டும்.”

“நீங்க வேன்லயா தூங்குறீங்க?”

“சிமெண்டுக்குக் காவல்,” என்று ஹாஜி சட்டென்று சொன்னார். தயாராக வைத்திருந்த பதில் அது. “காலம் கெட்டுக் கிடக்கு. கொஞ்சம் கண்ணசந்தா மூட்டையைத் தூக்கிட்டுப் போயிடறானுங்க.”

கொட்டகையில் பூட்டு தொங்கியது. பூட்டுக்குக் கீழே பாய் விரித்து நான்கு வேலையாட்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாடி ஜன்னல் திறந்தது. ரோஸ்தா தூக்கக் கண்ணோடு எட்டிப் பார்த்தாள். “அஸ்னிமார்க்கா! மேல வாங்களேன், ரூமைப் பாத்துட்டுப் போங்க. இப்பவே திரைச்சீலை மாட்டிட்டோம்!”

“சாயங்காலம் பேசிக்கலாம் ரோஸ்தா.”

அஸ்னிமார் சிரித்தாள். ஹாஜி அந்தச் சிரிப்பை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அவளுக்கு உள்ளே கொதித்தது. இந்த வீடும் அந்தத் துணிக்கடையும் ஒரே வருஷத்தில் எழும்பியவை. கடைக்கு இறக்கிய கம்பியிலேயே தன் வீட்டையும் முடித்துவிட்டதாக ஹாஜியே ஒரு கல்யாணப் பந்தியில் பெருமையடித்ததை அவள் காதால் கேட்டிருக்கிறாள். கெட்டிக்காரத்தனம் என்று அன்றைக்கு எல்லோரும் மெச்சினார்கள். படுபாவி! ஊருக்கு விதி என்றான். தனக்கு மட்டும் வேன்.

மதியம் ரோமி வந்தான். மின்சார வேலை செய்பவன். இடிந்த வீடுகளுக்கெல்லாம் புதிதாகக் கம்பி இழுத்து இழுத்து அவன் விரல்கள் காய்த்துப்போயிருந்தன. மற்ற எல்லோரையும்போல மோட்டார் சைக்கிளைத் தெருப்பக்கம் திருப்பித்தான் நிறுத்தினான். குலுங்கினால் ஏறி மலைப்பக்கம் ஓட வேண்டும், இந்த ஊரில் யாரும் இப்போது வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்துவதில்லை.

“அம்மா, மாமா சொன்னாரு.”

“என்ன சொன்னான்?”

“நீ சம்மதிச்சிட்டேன்னு. எனக்கு நம்பிக்கை வரல. அதான் வேலையைப் போட்டுட்டு ஓடி வந்தேன்.”

“சட்டை அயர்ன் பண்ணி வெச்சிருக்கேன். குளிச்சிட்டுப் போட்டுக்கோ.”

அவன் அங்கேயே நின்றான். பிறகு, சோறு வடித்துக்கொண்டிருந்தவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டான். வளர்ந்த பிள்ளை, மீசை வைத்த பிள்ளை.

“உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு தெரியும்மா. ஃபிர்தாவும் தெனம் அதைத்தான் சொல்லுவா. உங்கம்மா என்னைப் பாக்கும்போதெல்லாம் அவங்க கண்ணு என்னைத் தாண்டி வேற யாரையோ தேடுதும்பா.”

“கஞ்சி கொட்டப் போவுது, விடுடா.”

“அவ நல்லவம்மா.”

“நல்லவதான். நான் எப்போ இல்லேன்னேன்?”

அஸ்னிமார் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. ஃபிர்தாவை அவளுக்குப் பிடிக்கும். அது அவளுக்கே எரிச்சல். அந்தப் பெண் யாரோ ஒருத்தியின் வயிற்றில் பிறந்து, யாரோ ஒருவனை அப்பா என்று கூப்பிட்டிருந்தால், அஸ்னிமாரே பல்லக்கு வைத்து மகனை அனுப்பியிருப்பாள். என்ன செய்வது, ஹாஜியின் நெஞ்சில் குத்த வேண்டுமென்றால் அவன் மகளின் கல்யாணம் என்ற ஒரு இடம்தான் கைக்கு எட்டியது. பையன் அழுவான். அழட்டும், வயசுப் பிள்ளை, ஆறு மாதத்தில் சரியாகிவிடுவான். வெல்னிக்கு அந்த ஆறு மாதம்கூட இல்லையே.

இப்படியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அவள் மகன் சட்டைக்கு இன்னொரு தடவை இஸ்திரி போட்டாள்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் பெண் வீட்டார் வந்துவிட்டார்கள்.

அஸ்னிமாரின் பழைய வீடு பாதி விழுந்து, மீதி பாதியும் குடியிருக்க லாயக்கில்லை என்று அதிகாரிகளிடம் சிவப்புச் சீட்டு ஒட்டி வாங்கியது. அதன் முன்னால் அடித்த பிளைவுட் அறையில்தான் விருந்தாளிகளுக்குப் பாய். பெரிய மனிதர்கள் உள்பக்கம், சின்னவர்கள் வாசல்பக்கம் என்பதுதான் முறை. நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த முறை தலைகீழாகப் போய்விட்டது. மரியாதைக்குரியவர்கள் அத்தனை பேரும் வாசல் பக்கத்திலேயே உட்காரப் பார்த்தார்கள்.

“நீங்க உள்ள போங்க டத்துக், பெரியவங்க,” என்றார் ரோஸ்தாவின் அண்ணன் பக்தியார். பெண்ணின் தாய்மாமன், அந்தப் பக்கத்துக்குப் பேச வந்தவர்.

“ஐயோ, நீங்க விருந்தாளி. உள்ள போய்ச் சாஞ்சு உக்காருங்க,” என்றார் அனஸ்.

“எனக்கு மூட்டு வலி. கால் நீட்டணும்.”

“எனக்கும்தான்!”

கடைசியில் இருவரும் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரோஸ்தா பெண்களோடு ஓரமாக, பளபளக்கும் நீல உடையில். ஹாஜி சம்சுயிர் அவர்களுக்குப் பின்னால். பெண்ணைப் பெற்றவனுக்கு இந்தச் சபையில் வாய் திறக்க வேலையில்லை. பேசுவது தாய்மாமன்கள்தான். ஹாஜி வாட்சைத் திருகியபடி பெருமையாக உட்கார்ந்திருந்தார்.

ஃபிர்தாவும் வந்திருந்தாள். மாப்பிள்ளை கேட்கும் இடத்துக்குப் பெண் வரக் கூடாது. அம்மாவை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்துவிட்டதாகச் சாக்குச் சொல்லி, பின்பக்கம் அடுப்படிக் கொட்டகையில் நின்றுகொண்டாள். இடையில் ஒரே ஒரு பிளைவுட் தடுப்பு. வீடுகள் விழுந்ததிலிருந்து எங்கள் ஊரில் ரகசியம் என்ற ஒன்றே கிடையாது.

பக்தியார் தொண்டையைச் செருமினார். மலையிலிருந்து ஆறு இறங்கிய கதையில் ஆரம்பித்து, கோழி குஞ்சைச் சேர்த்த கதை, கொடி மரத்தைத் தேடிய கதை எல்லாம் சுற்றிச் சுற்றிச் சொல்லி, கடைசியில் விஷயத்துக்கு வந்து சேர்ந்தார். மஞ்சள் துணி போர்த்திய பித்தளைத் தட்டை அனஸ் முன்னால் நகர்த்தினார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, காசுக்கட்டி.

“கேக்க வந்ததைக் கேட்டுட்டோம். வெத்தலையை எடுத்துக்கணும்.”

அனஸ் துணியை விலக்கினார். கை வெற்றிலைக்குப் போயிற்று.

“இரு தம்பி,” என்றாள் அஸ்னிமார்.

அனஸின் கை அந்தரத்தில் நின்றது. வந்துவிட்டதடா என்று அவர் முகம் சொல்லிற்று. ரோமி தலையைத் தூக்கினான்.

“பெரியவங்க பேசற எடத்துல பேசறேன், மன்னிக்கணும்,” என்று அஸ்னிமார் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள். “எனக்கு ரெண்டு பிள்ளை. ஒண்ணைக் கூரைக்குக் குடுத்துட்டேன். இருக்கிறது இவன் ஒருத்தன். இவனையும் இன்னொரு கூரைக்குக் கீழ அனுப்பணும்னா பெத்த வயிறு பதறுது. தப்பா?”

“தப்பே இல்ல,” என்றார் பக்தியார் உருகி.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பொன்னு வேண்டாம், பட்டு வேண்டாம். மாப்பிள்ளைக்குன்னு தயார் பண்ணின அந்த மாடி ரூம் இருக்கே, இன்னையிலேர்ந்து கல்யாணம் வரைக்கும் ஹாஜி அதுல படுக்கணும். என் மவன் படுக்கப்போற அதே கட்டில்ல. அவரே கட்டின வீடு. அவரு நிம்மதியாத் தூங்கி எந்திரிக்கிறதைப் பாத்தா எனக்குத் தைரியம் வந்துடும். அவரு சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், தம்பி வெத்தலையை எடுத்துக்குவான்.”

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பக்தியார் தொடையில் தட்டிச் சிரித்தார்.

“இவ்வளவுதானா! நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போனேன். மச்சான், இன்னைக்கே போய்ப் படுத்துடுங்க. அல்லாஹ்வே, இந்த மாதிரி நிபந்தனையை நான் எங்கயும் கேட்டதில்ல!”

ரோஸ்தாவும் சிரித்தாள். “நானே எத்தனை தடவை கெஞ்சிட்டேன், உள்ள வந்து படுங்கன்னு. நீங்க சொல்லியாவது கேக்கறாரான்னு பாப்போம்க்கா.”

எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜியும் சிரித்தார், பல் மட்டும்.

“படுக்கலாம்... படுக்கறதுக்கு என்ன. சிமெண்டுக்குக் காவல் யாரு இருப்பா?”

“நான் இருக்கேன் ஹாஜி,” என்றான் ரோமி ஆர்வமாக. பாவம், அவனுக்கு என்ன தெரியும்! “கல்யாணம் வரைக்கும் வேன்ல நான் படுத்துக்கறேன்.”

“அது... எனக்கு இடுப்பு. மாடிப்படி ஏற முடியாது.”

“அப்போ கீழ் ரூம்ல படுங்க மச்சான்.”

“கீழயும் சரிதான்,” என்றாள் அஸ்னிமார். “எனக்கு எங்கன்னாலும் சம்மதம். கூரைக்குக் கீழ இருந்தாப் போதும்.”

ஹாஜி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். “என்ன பேச்சு இது? கல்யாணம் பேச வந்த எடத்துல ஒருத்தன் எங்க படுக்கிறான்னா கேப்பாங்க? பொம்பளை பேச்சைக் கேட்டுட்டு... பக்தியார், தட்டை எடுங்க, போவலாம்.”

“ஏன் மச்சான்? சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது.”

ஹாஜி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. தட்டில் இருந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெற்றிலையை முன்னால் வைத்துக்கொண்டு பொய் சொல்ல எங்கள் ஊர் ஆட்களுக்கு நாக்கு வராது. திருடனுக்குக்கூட வராது. எத்தனை கம்பியை விழுங்கியவர் என்றாலும் ஹாஜியும் இந்த ஊர்க்காரர்தானே.

முதலில் சிரிப்பை நிறுத்தியவள் ரோஸ்தா.

“ஏங்க,” என்றாள். “நீங்க ஏன் உள்ள படுக்கறதில்ல?”

“அதான் சிமெண்டு...”

“சிமெண்டு வர்றதுக்கு முன்னாடியும் வேன்லதான் படுத்தீங்க.”

ஹாஜி வாட்சைத் திருகினார்.

“கூடாரத்துல இருந்தப்போ உள்ள போவலாமான்னு நாந்தான் உங்களைக் கேட்டேன். போங்க, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்க. விரிசலுக்கெல்லாம் பட்டி வெச்சு, பெயிண்ட் அடிச்சு, எங்க ரெண்டு பேரையும் மாடிக்கு ஏத்திவிட்டீங்க.” ரோஸ்தாவின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. “எங்களை உள்ள அனுப்பிட்டு நீங்க மட்டும் ஏங்க வெளிய?”

“ரோஸ்தா, வீட்டுல போய்ப் பேசிக்கலாம்.”

“எந்த வீட்டுல?”

ஹாஜி தலையைக் குனிந்துகொண்டு, பாயைப் பார்த்துப் பேசுவதுபோலப் பேசினார்.

“நீங்களும் வெளிய படுத்தா ஊர் கேக்காதா? ஹாஜி கட்டின வீட்டுல ஹாஜி குடும்பமே படுக்கறதில்லைன்னு ஆயிட்டா, அப்புறம் எவன் என்னை நம்பி வேலை குடுப்பான்? எல்லாம் உங்களுக்காகத்தானே...”

“ஹாஜி,” என்றாள் அஸ்னிமார். “அந்தத் துணிக்கடை?”

ஹாஜி பாயின் கோரையைப் பிய்த்தார்.

“எம்பொண்ணு தையல் படிச்ச எடம். அதுவும் இதே கம்பிதானே? வெத்தலை முன்னாடி இருக்கு. சொல்லுங்க.”

“அதே கம்பிதான்,” என்றார் ஹாஜி.

பக்தியார் அஸ்தக்ஃபிருல்லாஹ், அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று முணுமுணுத்து, தட்டின்மேல் மஞ்சள் துணியை இழுத்து மூடினார்.

ரோஸ்தா எழுந்தாள். “அந்த நிலம் எங்கம்மாவோடது. அதுக்கு முன்னாடி அவங்க அம்மாவோடது. அதுல வந்து இப்படி ஒண்ணைக் கட்டி, என்னையும் என் மவளையும் அதுக்குள்ள வெச்சுப் பூட்டினீங்க. உங்க துணிமணி வாசப்படியில இருக்கும். எடுத்துட்டு உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிடுங்க.”

எங்கள் பக்கத்தில் ஒரு ஆணுக்கு இதைவிடப் பெரிய கேடு கிடையாது. மனைவி துணியை வாசலில் வைத்துவிட்டால் அவனுக்கு அந்த வீட்டில் தண்ணீர் கேட்கும் உரிமைகூட இல்லை. ஹாஜி மச்சானைப் பார்த்தார். மச்சான் சுவரைப் பார்த்தார். பெரிய மனிதர்கள் அடைத்துக்கொண்டிருந்த வாசலில் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கி வழிவிட, சம்சுயிர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அஸ்னிமாருக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், அப்படிக் குளிர்ந்தது. வெல்னி, பாத்தியாடி, பாத்தியா, என்று உள்ளுக்குள் கத்தினாள். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அவள் முதல்முறையாக வயிறு நிறைய மூச்சு விட்டாள். எழுந்து தெருவில் ஓடி எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

அடுப்படிக் கதவு திறந்தது. ஃபிர்தா உள்ளே வந்தாள். அழுதிருப்பாள் என்று அஸ்னிமார் நினைத்தாள். அவள் அழவில்லை.

“அத்தை,” என்றாள். “அப்பா வேன்ல படுக்கறது உங்களுக்கு எப்போ தெரியும்?”

“நோன்பு மாசத்துலேர்ந்தே தெரியும்,” என்றாள் அஸ்னிமார். அந்தக் குளிர்ச்சியில், கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டாள்.

“ஏன் படுக்கிறாருன்னு?”

“பாத்த மூணாம் நாளே புரிஞ்சிடுச்சு.”

ஃபிர்தா தலையை ஆட்டினாள். கணக்குப் போடுவதுபோல அவள் உதடு அசைந்தது.

“அதுக்கப்புறமும் தெனம் காலையில வந்தீங்க. மாடியிலேர்ந்து இறங்கி வந்து நாந்தான் உங்க கையிலேர்ந்து கூடையை வாங்குவேன். நல்லாத் தூங்கினியாம்மான்னு கேப்பீங்க.”

அஸ்னிமாருக்கு அந்தக் கூரையைப் பற்றித் தெரியும். அதன் கீழே யார் படுக்கிறார்கள் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒருநாள்கூட அவள் நினைத்துப் பார்க்கவில்லை. இல்லை, அதுவும் பொய். ஒருநாள் நினைத்தாள். அன்று கூடையைச் சீக்கிரம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

“ஏன் அத்தை சொல்லல?”

“சொல்லியிருந்தா உங்கப்பன் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிச்சிருப்பான்,” என்றாள் அஸ்னிமார். “சபையில வெச்சுத்தான்... வெத்தலை முன்னாடி வெச்சுத்தான்...”

“அதுக்குள்ள குலுங்கியிருந்தா?”

போன வாரம்கூட இரண்டு தடவை குலுங்கியது. இந்த ஊரில் அதை யாரும் செய்தியாகக்கூடச் சொல்வதில்லை.

ரோமி இஸ்திரி போட்ட சட்டையோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். இப்போது எழுந்தான். அம்மாவைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

“இவளுக்கும் வெல்னி வயசுதாம்மா,” என்றான்.

பிறகு ஃபிர்தாவிடமும் ரோஸ்தாவிடமும் சொன்னான். “நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க. வீட்டுக்குள்ள கால் வெக்காதீங்க. பாய், தலையணை, துணி, எதெது வேணும்னு சொல்லுங்க. இருட்டறதுக்குள்ள நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்.”

“எல்லாம் மாடியில இருக்குப்பா,” என்றாள் ரோஸ்தா அழுதுகொண்டே.

“பரவால்ல.”

“டேய்,” என்றாள் அஸ்னிமார்.

அவன் வெளியே போனான். தெருவைப் பார்த்து நின்ற வண்டி ஒரே உதையில் கிளம்பியது.

“டேய் ரோமி! உள்ள போவாதடா! அந்த வீட்டுக்குள்ள போவாத!” அஸ்னிமார் வாசலைத் தாண்டி, செருப்பில்லாத காலோடு, கம்பி எடுத்தவர்கள் தெருவில் சிதறவிட்டுப்போன கான்கிரீட் துண்டுகளின்மேல் ஓடினாள். “அனஸ்! அவனைப் பிடிடா! யாராவது அவனைப் பிடிங்க!”

வண்டி முக்கு திரும்பி ஹாஜி வீட்டுப் பக்கம் போய்விட்டது.